“ஹி கோ” என்று வாய் தவறுவது ஏன்?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கில நிகழ்காலத்தில் “ஹி”, “ஷி”, “இட்” வந்தால் வினையோடு எஸ் சேர்க்க வேண்டும், “ஐ”, “யூ”, “வி”, “தே” வந்தால் சேர்க்கக் கூடாது. இந்த விதி உங்களுக்குத் தெரியும், கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் சரியாகவும் நிரப்புகிறீர்கள். ஆனால் பேச்சில் “ஹி கோ”, “ஷி டோன்ட் நோ” என்று வந்துவிடுகிறது, “தி குவாலிட்டி ஆஃப் தி ஃபோட்டோஸ் ஆர் குட்” என்று மின்னஞ்சல் எழுதி மேலதிகாரியிடம் சிவப்புக் கோடு வாங்கியிருக்கிறீர்கள். போதாததற்கு, பெயர்ச்சொல்லில் பன்மைக்கு வரும் எஸ் வினைச்சொல்லில் மட்டும் ஒருமைக்கு வருகிறதே, இது என்ன தலைகீழ் நியாயம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். விதி என்ன என்று நீங்கள் கேட்கவே இல்லை. தெரிந்த விதி ஏன் தேவைப்படும் நேரத்தில் கைவிடுகிறது என்றுதான் கேட்கிறீர்கள், அது நல்ல கேள்வி.

நான் மொழியியல் படித்தவன், வேலைக்குப் போகும் பெரியவர்களுக்குப் பல வருடங்களாக ஆங்கிலம் எழுதவும் பேசவும் சொல்லிக்கொடுக்கிறவன். கீழே வரலாறு, இலக்கணம் என்று சொல்பவை ஆய்வாளர்களிடையே பெரிய தகராறு இல்லாதவை. பயிற்சி பற்றிச் சொல்பவை வகுப்பில் பார்த்ததை வைத்துச் சொல்பவை, அதுவும் பெரியவர்களுக்கு மட்டும். சின்னப் பிள்ளைகள் மொழி பிடிக்கும் விதம் வேறு, அவர்களுக்கு இதைப் பொருத்தாதீர்கள்.

முதலில் அந்தத் தலைகீழ் விஷயம். பெயரில் வரும் எஸ்ஸும் வினையில் வரும் எஸ்ஸும் ஒரே எழுத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு வேறு விகுதிகள், அவ்வளவுதான். பெயரின் பன்மை எஸ், பழைய ஆங்கிலத்தில் ஒரு வகை ஆண்பால் பெயர்களுக்கு மட்டும் வந்த “அஸ்” என்ற பன்மை விகுதியின் வாரிசு, பிறகு மற்றப் பெயர்களுக்கும் பரவியது. வினையின் எஸ் வேறு வழியில் வந்தது. பழைய ஆங்கிலத்தில் வினை ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு விகுதி வைத்திருந்தது: தன்மை ஒருமைக்கு ஒன்று, “தௌ” என்ற முன்னிலை ஒருமைக்கு “எஸ்ட்”, படர்க்கை ஒருமைக்கு “எத்”, பன்மைக்கு “அத்”. வட இங்கிலாந்தில் மட்டும் அந்த “த்” ஒலி இருந்த இடத்தில் “ஸ்” தலைகாட்டத் தொடங்கியது. 10ஆம் நூற்றாண்டில் லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்திச் சுவடியில் லத்தீன் வரிகளுக்கு இடையே எழுதப்பட்ட வடக்கத்தி ஆங்கில உரையில் இரண்டும் கலந்து கிடைக்கின்றன. அந்த வடக்கத்தி எஸ் மெல்லத் தெற்கே இறங்கி, 16, 17ஆம் நூற்றாண்டுகளில் லண்டன் ஆங்கிலத்தில் “எத்”தைத் துரத்திவிட்டது. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிள் “எத்” என்றே எழுதுகிறது, ஆனால் அது அப்போதே பழைய வாடை அடிக்கும் நடை. 1643இல் ரிச்சர்ட் ஹாட்ஜஸ் என்ற ஆசிரியர், எழுதுவது “லீடெத்” என்றாலும் சொல்வது “லீட்ஸ்” என்றுதான் எனக் குறித்து வைத்திருக்கிறார்.

வடக்கத்தி விகுதி ஏன் ஜெயித்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. உச்சரிக்க எளிது என்பார்கள், வடக்கிலிருந்து லண்டனுக்குக் குடியேறியவர்கள் கொண்டுவந்தது என்பார்கள். எது எப்படியோ, மற்ற விகுதிகளுக்கு என்ன ஆனது என்பது தெளிவாகத் தெரியும். தன்மையின் கடைசி உயிரொலி தேய்ந்து காணாமல் போனது, பன்மை விகுதியும் அப்படியே தேய்ந்தது, “தௌ” வழக்கொழிந்தபோது “எஸ்ட்”டும் கூடவே போனது. மிஞ்சி நிற்பது படர்க்கை ஒருமை எஸ் ஒன்றுதான். அதனால் ஒருமைக்கென்று யாரோ யோசித்து எஸ் வைத்ததாக நினைக்க வேண்டாம். எல்லோரும் போனபின் வீட்டில் தங்கிவிட்ட கடைசி ஆள் அது. “பெயரில் எஸ் வந்தால் வினையில் வராது, வினையில் வந்தால் பெயரில் வராது, மொத்தம் ஒரு எஸ்தான்” என்று சில ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கும் சூத்திரம் இருக்கிறதே, அது “தி பாய் ரன்ஸ், தி பாய்ஸ் ரன்” வரை ஓடும். “தி பஸ் ஸ்டாப்ஸ்”, “சில்ட்ரன் பிளே” என்று வந்தால் படுத்துவிடும். எனக்கு அந்தச் சூத்திரம் பிடிக்காது.

இனி, தெரிந்தும் தவறுவது ஏன் என்பதற்கு வருகிறேன். அந்த எஸ் புதிதாக ஒரு செய்தியையும் சொல்வதில்லை. “ஹி” என்று சொன்னவுடனேயே ஆள் யார், ஒருவரா பலரா என்பது கேட்பவருக்குத் தெரிந்துவிட்டது, எஸ் அதையே திருப்பிச் சொல்கிறது. விட்டாலும் பொருள் கெடாது, எதிரில் இருப்பவர் புருவம்கூட உயர்த்த மாட்டார், அதனால் தவறியது உங்களுக்கே தெரியாது. பெயரின் பன்மை எஸ் அப்படியில்லை, அதை விட்டால் ஒன்றா பலவா என்பதே குழம்பும். இது ஊகம் இல்லை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளிடமே தெரிகிறது. ரோஜர் பிரவுன் என்ற அமெரிக்க உளவியலாளர் மூன்று குழந்தைகளின் பேச்சை நெடுநாள் பின்தொடர்ந்து 1973இல் வெளியிட்ட ஆய்வில், பெயரின் பன்மை எஸ் சீக்கிரமே வந்துவிடுகிறது, வினையின் எஸ் வெகுநாள் கழித்துத்தான் வருகிறது, ஒலி ஒன்றாகவே இருந்தும். இரண்டாம் மொழியாகக் கற்பவர்களிடம் 1970களில் நடந்த ஆய்வுகளிலும் வினையின் எஸ் கடைசிக் கூட்டத்தில்தான் வந்தது. அந்த வரிசை எல்லாத் தாய்மொழிக்காரர்களுக்கும் ஒன்றுதானா என்று பிற்பாடு நிறையக் கேள்வி எழுந்தது, அதை நான் அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இந்த எஸ் பின்தங்கியே வரும் என்பதை என் வகுப்பிலும் பார்க்கிறேன். ஆகவே உங்களுக்கு மட்டும் மூளையில் ஏதோ கோளாறு என்று நினைக்காதீர்கள்.

உங்கள் பேச்சுத் தவறு இலக்கணத்தால் வருகிறதா, நாக்கால் வருகிறதா என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தமிழ்ச் சொல் மெய்யெழுத்துக் கூட்டத்தில் முடியாது. “ஆஸ்க்ஸ்”, “டெஸ்ட்ஸ்”, “ஹெல்ப்ஸ்” என்று இரண்டு மூன்று மெய் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முடியும்போது நம் நாக்கு கடைசி ஒன்றை விழுங்கிவிடும். சோதிக்க எளிய வழி இருக்கிறது. உங்கள் பேச்சைக் கைபேசியில் பதிந்து கேளுங்கள். “டெஸ்க்ஸ்”, “டெஸ்ட்ஸ்” போன்ற பன்மைப் பெயர்களிலும் எஸ் விழுகிறதா? விழுந்தால் பிரச்சினை உச்சரிப்பில், இலக்கணப் புத்தகத்தை எத்தனை முறை புரட்டினாலும் தீராது. பெயர்களில் ஒழுங்காக வந்து வினையில் மட்டும் விழுகிறது என்றால்தான் இலக்கணத்துப் பக்கம் போக வேண்டும். நீங்கள் எழுத்திலும் பேச்சிலும் கொடுத்த உதாரணங்களைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகை போலத்தான் படுகிறது, இருந்தாலும் கேட்காமல் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. உச்சரிப்பு என்று வந்ததால் போகிற போக்கில் இரண்டு சொற்கள்: “ஐ சே” என்பதற்கு எஸ் சேர்ந்தால் ஒலி “செஸ்”, “சேஸ்” இல்லை, “டூ” என்பது “டஸ்” ஆகும், “டூஸ்” ஆகாது.

எழுவாய்க்கு ஏற்ப வினை மாறுவதை இயைபு என்பார்கள், தமிழில் அது நமக்குப் புதிதில்லை. போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறார்கள், போகிறது என்று ஆளுக்கொரு விகுதி போட்டுப் பழகியவர்கள் நாம், ஒரே ஒரு எஸ் நம்மைப் படுத்துகிறது என்பது வேடிக்கைதான். ஆனால் கவனித்துப் பாருங்கள், தமிழ் வினை “இல்லை” சேர்த்து எதிர்மறைக்குப் போனதும் என்ன ஆகிறது? நான் போகவில்லை, அவன் போகவில்லை, அவர்கள் போகவில்லை. இயைபு மொத்தமும் மறைந்து எல்லோருக்கும் ஒரே “இல்லை”. ஆங்கிலத்தில் எதிர்மறையிலும் கேள்வியிலும் இயைபு மறைவதில்லை, இடம் மாறுகிறது. “ஹி கோஸ்” என்பதில் வினைமேல் இருந்த எஸ், “ஹி டஸ் நாட் கோ” என்னும்போது “டூ”வின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. “ஷி டோன்ட் நோ” என்று உங்களுக்கு வருவதற்கு இந்த “இல்லை” பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் ஆங்கிலேயர்களிலும் அமெரிக்கர்களிலுமே “ஹி டோன்ட்” என்று பேசுகிறவர்கள் ஏராளம் என்பதால் முழுப் பழியையும் தமிழ்மேல் போட மாட்டேன்.

இதிலிருந்து மொத்த விஷயத்துக்கும் சாவியான ஒன்று கிடைக்கிறது. ஒரு வினைத்தொடரில் இயைபைச் சுமப்பது ஒரே ஒரு சொல், எப்போதும் முதலில் நிற்கும் சொல். “ஹி ஹேஸ் கான்”, “ஹி இஸ் கோயிங்”, “டஸ் ஹி கோ”, எதை எடுத்தாலும் முதல் ஆள் சுமந்துவிட்டான், பின்னால் வருகிறவனுக்கு வேலை இல்லை. “ஹி டஸ் நாட் கோஸ்” என்று இரண்டு பேருக்கும் மூட்டை ஏற்றுவதுதான் தவறு. “இட் மேக்ஸ் ஹிம் லாஃப்ஸ்” என்பதும் அப்படியே, “மேக்ஸ்” சுமந்த பிறகு “லாஃப்” சும்மா வர வேண்டும். “கேன்”, “வில்”, “மஸ்ட்”, “மே” மாதிரியான துணைவினைகள் முதலில் நின்றால் எஸ் எங்குமே கிடையாது, “ஹி கேன் கோ”. இதற்கும் வரலாற்றுக் காரணம் இருக்கிறது. “வில்” தவிர மற்றவை பழைய காலத்தில் இறந்தகால உருவங்களாக இருந்து நிகழ்காலப் பொருளுக்கு வந்தவை, இறந்தகாலத்தில் படர்க்கை ஒருமைக்கு அந்த விகுதி வருவதில்லை, “வில்” வேறு வழியில் வந்து அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. காரணம் மறந்தாலும் பரவாயில்லை, தமிழில் “அவன் போக வேண்டும், அவர்கள் போக வேண்டும்” என்று “வேண்டும்” யாருக்கும் மாறாமல் நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். “நீட்” மட்டும் இரண்டு பக்கமும் ஆடும்: “ஹி நீட்ஸ் டு கோ” என்றும் வரும், “ஹி நீட் நாட் கோ” என்றும் வரும், இரண்டும் சரி.

அப்புறம் அந்த “குவாலிட்டி ஆஃப் தி ஃபோட்டோஸ்”. இதைப் பொறுத்தவரை உங்கள் மேலதிகாரி சொன்னது சரி, “இஸ் குட்” என்றுதான் வர வேண்டும். ஆனால் தவறு எங்கிருந்து வருகிறது என்பது சுவாரசியமானது. தமிழில் அடைமொழி எல்லாம் முன்னால் வந்து, தலைமைப் பெயர் கடைசியில் நிற்கும். “படங்களின் தரம் நன்றாக இருக்கிறது” என்றால் “தரம்” பயனிலைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, “படங்களின்” எட்டத்தில் நிற்கிறது, குழப்பத்துக்கே வழியில்லை. ஆங்கிலம் இதைத் திருப்பிப் போடுகிறது. தலைமைப் பெயர் முதலில் வந்துவிடுகிறது, “ஆஃப்”, “இன்”, “வித்”, “ஹூ”, “விச்” என்று வால் பின்னால் நீள்கிறது, வினை வரும்போது அதன் பக்கத்தில் நிற்பது வாலின் கடைசிப் பெயர். பக்கத்தில் நிற்பதுதான் எழுவாய் என்று பழகிய நம் காது ஏமாந்துபோகிறது. ஆனாலும் நாம் மட்டும் ஏமாறுவதில்லை. கேத்ரின் பாக், கரோல் மில்லர் இருவரும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், “தி கீ டு தி கேபினட்ஸ்” போன்ற தொடக்கங்களைக் கொடுத்து வாக்கியத்தை முடிக்கச் சொன்னபோது ஆங்கிலத் தாய்மொழிக்காரர்களே சில வேளை “ஆர்” என்று முடித்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, ஒருமைத் தலைவனுக்குப் பக்கத்தில் பன்மை நின்றால்தான் தவறு அதிகம், பன்மைத் தலைவனுக்குப் பக்கத்தில் ஒருமை நின்றால் அவ்வளவாக இல்லை. ஆகவே எழுதியதைத் திருத்தும்போது “ஒருமை, ஆஃப், பன்மை” என்ற வடிவத்தில் வரும் வாக்கியங்களை மட்டும் குறி வைத்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பார்க்கும் முறை இதுதான்: வினைத்தொடரின் முதல் சொல்லைக் கண்டுபிடியுங்கள், அதைப் பார்த்து “எது?” அல்லது “யார்?” என்று கேளுங்கள், பதிலாக வரும் முழு எழுவாயையும் தூக்கிவிட்டு அங்கே “இட்”, “ஹி”, “ஷி”, “தே” இவற்றில் எது பொருந்துகிறது என்று பாருங்கள். நன்றாக இருப்பது தரம்தான், அதற்கு “இட்”, எனவே “இஸ்”. “ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்” என்பதற்கு “ஹி” அல்லது “ஷி”, எனவே “லிவ்ஸ்”. “நியூஸ்”, “மேத்தமேட்டிக்ஸ்” எஸ்ஸில் முடிந்தாலும் “இட்”. “பீப்பிள்”, “போலீஸ்” எஸ் இல்லாவிட்டாலும் “தே”. “டென் கிலோமீட்டர்ஸ் இஸ் எ லாங் வே” என்பதில் பத்தையும் சேர்த்து ஒரே தூரமாக நினைக்கிறோம், அதனால் “இஸ்”. இந்தச் சோதனை காலை வாரும் இடம் “எவ்ரிஒன்”. தமிழில் எல்லோரும் வந்தார்கள் என்று பன்மை போடுகிறோம், ஆங்கிலத்திலும் பின்னால் “தேர்” என்று பன்மைச் சுட்டு வரலாம், ஆனால் வினை மட்டும் “எவ்ரிஒன் இஸ்” என்று ஒருமையாகவே நிற்கும். “ஈச்”, “எவ்ரி” சேர்ந்தவை எல்லாம் அப்படித்தான், மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான். “எ நம்பர் ஆஃப் பீப்பிள்” பன்மை, “தி நம்பர் ஆஃப் பீப்பிள்” ஒருமை. முதலாவதன் பொருள் பலர், இரண்டாவது ஓர் எண்ணிக்கை.

இதுவரை சொன்ன இயைபு விதிகளில் சந்தேகம் கிடையாது. இனி வருபவற்றில் ஒரே விடை இல்லை, யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள். “டீம்”, “கமிட்டி”, “கவர்ன்மென்ட்” போன்ற கூட்டப் பெயர்களுக்கு அமெரிக்காவில் பெரும்பாலும் ஒருமை. பிரிட்டனில் ஆட்களை மனதில் வைத்தால் பன்மை, அமைப்பை மனதில் வைத்தால் ஒருமை, இரண்டும் சர்வசாதாரணம். ஒரே கட்டுரையில் மாற்றி மாற்றி எழுதாமல் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். “நன் ஆஃப் தெம்” என்பதற்கு ஒருமைதான் சரி என்று பள்ளியில் சொல்லியிருப்பார்கள், பன்மையும் பல நூற்றாண்டுகளாக நல்ல எழுத்தில் இருக்கிறது. “நைதர் ஆஃப் தெம்” என்றால் எழுத்தில் ஒருமை பாதுகாப்பு, பேச்சில் பன்மை சகஜம். “இது அல்லது அது” என்ற பொருளில் “ஐதர்... ஆர்” என்று இரண்டு எழுவாய் வந்தால் வினைக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கச் சொல்வார்கள். அது ஒரு வழக்கம், அதில் வாக்கியம் அசிங்கமாக வந்தால் மாற்றி எழுதிவிடுவேன். “டேட்டா” ஒருமையாகவும் வருகிறது, பன்மையாகவும் வருகிறது, துறையைப் பொறுத்தது. “தேர்ஸ் டூ பீப்பிள் அவுட்சைட்” என்று படித்தவர்களும் பேசுகிறார்கள், ஆனால் அலுவலகக் கடிதத்தில் “தேர் ஆர்” என்றே எழுதுங்கள். இன்னொன்று, “ஐ சஜஸ்ட் தட் ஹி கோ” என்று எங்காவது எஸ் இல்லாமல் பார்த்தால் அச்சுப்பிழை என்று எண்ணி எஸ் சேர்த்துவிடாதீர்கள், கோரிக்கை, பரிந்துரை வினைகளுக்குப் பின்னால் வரும் தனி வடிவம் அது, அமெரிக்க எழுத்தில் அதிகம்.

வட்டார வழக்குகளையும் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் பகுதியில் “ஷி கோ” என்பது பரம்பரையாக வரும் வழக்கு, அங்குள்ள நாரிச் நகரத்தில் பீட்டர் ட்ரட்கில் என்ற மொழியியலாளர் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆப்பிரிக்க அமெரிக்க ஆங்கிலத்திலும் எஸ் விடுபடுவது ஒழுங்கான வழக்கே. வட இங்கிலாந்தின் மரபு வழக்கிலோ “தே சிங்” என்று பக்கத்தில் சுட்டுப்பெயர் இருந்தால் எஸ் இல்லை, “தி பேர்ட்ஸ் சிங்ஸ்” என்று பெயர்ச்சொல் வந்தால் பன்மைக்கும் எஸ் உண்டு. ஆக, எஸ் இல்லாவிட்டால் ஆங்கிலமே இல்லை என்பதெல்லாம் வெற்றுப் பேச்சு. ஆனால் தேர்விலும் நேர்காணலிலும் அலுவலகக் கடிதத்திலும் பொது வழக்கைத்தான் எதிர்பார்ப்பார்கள், நார்ஃபோக்கைச் சாட்சிக்குக் கூப்பிட்டு மதிப்பெண் வாங்க முடியாது.

என்ன செய்யலாம்? எழுத்துக்கு: எழுதும்போது இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். முடித்தபின் இது ஒன்றுக்காக மட்டும் ஒரு முறை வாசியுங்கள், ஒவ்வொரு வாக்கியத்திலும் வினையின் முதல் சொல்லைத் தொட்டு மேலே சொன்ன கேள்வியைக் கேளுங்கள். வேறு பிழைகளையும் சேர்த்துத் தேடினால் இது நழுவிவிடும். பேச்சுக்கு: பெரும்பாலானவர்கள் ஆங்கிலம் பழகுவது “ஐ” வைத்துத்தான். என் வேலை, என் நாள், என் விருப்பம் என்று பேசிப் பேசி எஸ் இல்லாத வடிவம்தான் வாயில் ஊறுகிறது. அதனால் தெரிந்த ஒருவரைப் பற்றி அவர் காலையில் எழுவதிலிருந்து தூங்கும் வரை “ஷி” அல்லது “ஹி” வைத்தே சொல்லிப் பாருங்கள், அதில் “டஸ் நாட்” வரும்படி அவர் செய்யாதவற்றையும் சேருங்கள், பிறகு அதையே “தே” என்று மாற்றிச் சொல்லுங்கள். பதிந்துவைத்துக் கேட்கும்போது தவறியதை எண்ணுங்கள், பேசிக்கொண்டிருக்கும்போது எண்ணாதீர்கள். முக்கியமான கூட்டத்திலோ நேர்காணலிலோ நடுவில் நின்று திருத்தவே வேண்டாம், விட்ட எஸ்ஸைக் கவனிக்காதவர்கூட நீங்கள் தடுமாறியதைக் கவனித்துவிடுவார். எழுத்துப் பிழை சீக்கிரம் குறையும், பேச்சுப் பிழை அதற்கு வெகு பின்னால்தான் குறையும். எவ்வளவு நாளாகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், என் வகுப்பில் அதற்கு ஒரு கணக்குச் சொல்லும்படி ஒருபோதும் அமைந்ததில்லை.